ஒரே பெயர், ரெண்டு ஸ்பெல்லிங்: ஹாஸ்கெல்ல ஒரு தமிழ் எர்ரரைத் தேடின கதை

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடுல ஃபங்ஷனல் புரோகிராமிங்னா என்ன, ஹாஸ்கெல் ஏன் இவ்வளவு கண்டிப்பான வாத்தியார் மாதிரி நடந்துக்குதுன்னு பார்த்தோம். "கம்பைல் ஆயிட்டா ஓடிரும்"னு ஹாஸ்கெல் ஆளுங்க பெருமையா சொல்லுவாங்க. இன்னைக்கு, கம்பைல் ஆகி, அழகா ஓடி, தப்பான பதிலைச் சொன்ன ஒரு புரோகிராமைப் பத்திப் பேசப் போறேன். எழுதினது நான்தான்.

மேலூர் பக்கம் எங்க ஊர்ல திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குவாங்க. வீட்டுக்கு இவ்வளவுன்னு கணக்கு. மாமாதான் நோட்டு எழுதுவார். "மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானடா, ரசீதும் பாக்கி லிஸ்ட்டும் அடிக்க ஏதாவது பண்ணிக் குடு"ன்னு கேட்டார். ஹாஸ்கெல் கத்துக்கிட்டு இருந்த நேரம். சரின்னு உட்கார்ந்தேன்.

கையில ரெண்டு ஃபைல். ஒண்ணு, வீட்டுப் பட்டியல். பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சு வச்சிருந்ததை ஒரு கன்வெர்ட்டர்ல போட்டு யூனிகோடுக்கு மாத்தினது. இன்னொண்ணு, மாமா பையன் ஃபோன்ல அடிச்ச வசூல் ஷீட். அவன் எல்லாப் பெயரையும் புதுசா அடிச்சு, கட்டினவங்களுக்குத் தொகையும் கட்டாதவங்களுக்கு 0ன்னும் போட்டிருந்தான். ஷீட்டை ஒரு மேப் ஆக்கிட்டு, பட்டியல்ல இருக்க ஒவ்வொரு பெயருக்கும் தொகையை எடுக்கணும், அவ்வளவுதான் வேலை.

முதல் எர்ரர்: உண்மையைச் சொன்னது

ரன் பண்ணினதும் கொஞ்சம் ரசீது வந்துச்சு, நடுவுல நின்னுருச்சு. "மேப்: கொடுத்த கீ இந்த மேப்ல இல்லை"ங்கிற மாதிரி ஒரு எர்ரர். எந்தக் கீ? சொல்லலை. எந்த லைன்? அது காட்டின ஃபைல் என்னோடதே இல்லை, கன்டெய்னர்ஸ் லைப்ரரிக்குள்ள இருக்க ஏதோ ஒரு லைன். மேப்ல ஆச்சரியக்குறி ஆபரேட்டரைப் போட்டு எடுத்தா இப்படித்தான்: கீ இல்லைன்னா லைப்ரரிக்குள்ள இருந்தே கத்தும்.

ஹாஸ்கெல் லேசி மொழி வேற. ஒரு மதிப்பு தேவைப்படுற வரைக்கும் அதைக் கணக்குப் போடாது. தொகையை எடுக்கச் சொன்ன இடம் ஒண்ணு, நிஜமா எடுத்தது ரசீதை அச்சடிக்கும்போது. எர்ரர் தலைகாட்டுற இடமும் தப்பு நடந்த இடமும் வேற வேறன்னா, குழப்பத்துல பாதி இதுதான்.

ராத்திரி 11 மணி. ஷீட்ல எல்லாப் பெயரும் இருக்குன்னு எனக்குத் தெரியும். "ஏதோ ஒரு காலி லைன் இருக்கும்"னு நினைச்சு, 'ஃபைண்ட் வித் டிஃபால்ட்'னு ஒரு ஃபங்ஷனுக்கு மாத்தினேன். கீ இல்லைன்னா 0ன்னு வச்சுக்கோ. எர்ரர் போயிருச்சு. மாமாவுக்கு லிஸ்ட்டை வாட்ஸ்அப் பண்ணிட்டுத் தூங்கிட்டேன்.

அந்த 0க்கு அர்த்தம் "காலி லைன்" இல்லை. "பணம் கட்டலை".

சாவடியில நடந்தது

மறுநாள் சாயங்காலம் சாவடியில மைக் போட்டுப் பாக்கி லிஸ்ட்டை வாசிச்சுட்டாங்க. அப்புறம் மாமாகிட்ட இருந்து ஃபோன். "மாப்ள, அந்தம்மா முதல் ஆளா கொண்டாந்து குடுத்துச்சுடா, என் நோட்ல கையெழுத்தே இருக்கு. உன் மெஷின் எப்படிடா இல்லைங்குது? ஊரே கேட்டிருச்சு."

அந்தம்மா மட்டும் இல்லை, இன்னும் ரெண்டு வீடு. பெயர்களை மாத்திச் சொல்றேன்: பொன்னுத்தாய், சோலையம்மாள், கோபால்னு வச்சுக்குவோம். ஃபோன்ல மாமா வாசிக்க வாசிக்க நான் பேப்பர்ல எழுதினேன். எழுதி முடிச்சுப் பார்த்தா பொறி தட்டுச்சு. பொ, சோ, கோ. மூணு பெயர்லயும் முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால். கொம்பும் காலும் சேர்ந்து வராத முருகன், மீனாட்சி, கருப்பாயி எல்லாம் சரியா இருந்தாங்க.

எரிச்சல் பண்ற அந்த நம்பர்கள்

ஹாஸ்கெல்ல தமிழ் எழுதிப் பார்த்தவங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும். 'மதுரை'ங்கிற ஸ்ட்ரிங்கை 'பிரின்ட்' பண்ணினா மதுரை வராது. 2990, 2980, 3009, 2992, 3016னு சாய்கோடு போட்ட நம்பர் வரும். பயப்படாதீங்க, அது எர்ரர் இல்லை. 'பிரின்ட்' முதல்ல 'ஷோ'வைக் கூப்பிடும். 'ஷோ' ஆஸ்கிக்கு வெளியே இருக்க எழுத்தையெல்லாம் யூனிகோட் எண்ணா காட்டும். தமிழா பார்க்கணும்னா 'புட் ஸ்டிரிங் லைன்' போடணும்.

அதுவரைக்கும் அந்த நம்பர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். அன்னைக்கு அதுதான் டார்ச் லைட். ரெண்டு ஃபைல்ல இருந்தும் பொன்னுத்தாயை எடுத்து 'பிரின்ட்' பண்ணினேன். ஃபோன் ஷீட்ல: 2986, 3018, அப்புறம் மத்ததெல்லாம். பட்டியல்ல: 2986, 3014, 3006, அப்புறம் அதே மத்ததெல்லாம். நீளம் கேட்டா ஒண்ணு 12, இன்னொண்ணு 13.

2986ங்கிறது ப. 3018ங்கிறது 'ொ'ங்கிற முழுக் குறி, ஒரே கோட் பாயின்ட். 3014 தனிக் கொம்பு, 3006 தனிக் கால். யூனிகோட்ல 'பொ'வை இந்த ரெண்டு விதமாவும் எழுதலாம். ஸ்கிரீன்ல மயிரிழை வித்தியாசம் தெரியாது. பழைய ஃபான்ட்ல கொம்பும் காலும் தனித்தனிக் கட்டை. கன்வெர்ட்டர் அதை அப்படியே தனித்தனியா விட்டிருச்சு. ஃபோன் கீபோர்டு ஒண்ணாச் சேர்த்துக் குடுத்துச்சு. 'ோ', 'ௌ' ரெண்டுக்கும் இதே கதைதான்.

ஹாஸ்கெல் ரெண்டு ஸ்ட்ரிங்கைக் கோட் பாயின்ட் கோட் பாயின்ட்டாத்தான் ஒப்பிடும். அதுக்கு அவங்க ரெண்டு பேர். டைப் சிஸ்டம் ஏன் பிடிக்கலை? ரெண்டும் 'டெக்ஸ்ட்'. டைப்புக்கு அதுக்கு மேல எதுவும் தெரியாது, நாம சொல்லிக் குடுக்கலை.

இது ஹாஸ்கெல்லோட குறைன்னு மட்டும் நினைக்காதீங்க. பைத்தானும் 'மதுரை'யோட நீளம் 5ன்னுதான் சொல்லும். எலிக்ஸிர் நம்மள மாதிரியே 3ன்னு எண்ணும், ஆனா அதுலயும் சாதாரண ஒப்பீடு பைட் கணக்குதான்.

மருந்து

முதல் வேலை, நார்மலைசேஷன். ரெண்டு வடிவமும் ஒண்ணுதான்னு யூனிகோடே சொல்லுது. என்எஃப்சின்னு ஒரு வடிவம் இருக்கு, பிரிஞ்சு கிடக்க கொம்பையும் காலையும் சேர்த்து வைக்கும். ஹாஸ்கெல்ல 'யூனிகோட் டிரான்ஸ்ஃபார்ம்ஸ்'னு ஒரு பேக்கேஜ் இதைப் பண்ணும். ஃபைலைப் படிச்ச உடனே, வேற எதுவும் செய்யறதுக்கு முன்னாடி, இதைப் போட்டுருங்க.

எச்சரிக்கை: என்எஃப்சி எல்லாத்தையும் சரிபண்ணாது. 'கௌரி'யைச் சில பேர் கொம்பு போட்டு க, அப்புறம் ள, ரின்னு 'கெளரி'யா அடிப்பாங்க. பார்க்க ஒண்ணுதான், யூனிகோடுக்கு அது வேற வார்த்தை. காப்பி பண்ணும்போது கண்ணுக்குத் தெரியாத 8204 மாதிரி எழுத்தும் ஒட்டிட்டு வரலாம். ரெண்டையுமே 'பிரின்ட்' காட்டிக் குடுத்துரும்.

ரெண்டாவது, டைப்புக்குச் சொல்லிக் குடுங்க. 'சுத்தப் பெயர்'னு ஒரு நியூடைப் வச்சு, அதோட கன்ஸ்ட்ரக்டரை மாட்யூலுக்குள்ளேயே மறைச்சிருங்க. நார்மலைஸ் பண்ற ஃபங்ஷன் வழியா மட்டும்தான் அதை உருவாக்க முடியணும். மேப்போட கீ அந்த டைப்தான்னு ஆக்கிட்டா, சுத்தம் பண்ணாத பெயரைக் குடுத்தா கம்பைலரே தடுக்கும்.

மூணாவது, 'லுக்கப்' போடுங்க. அது 'மேபி' குடுக்கும்: இருந்தா 'ஜஸ்ட்', இல்லைன்னா 'நத்திங்'. "0 ரூபாய்" வேற, "ஆளையே காணோம்" வேற. இப்ப என் புரோகிராம் காணாத பெயரைத் தனி லிஸ்ட்டா அடிச்சு, "நோட்டைப் பார்க்கவும்"னு மாமாகிட்ட அனுப்பும். வீட்டுக்கு ஒரு எண்ணும் குடுத்தாச்சு. பெயரைக் கீயா வச்சதே ஆதித் தப்பு.

சர்வருக்குப் போனா வர்ற எர்ரர்

இதுவும் நிறைய பேர் கேட்டது. லேப்டாப்ல ஓடுது, டாக்கர்ல "224ல ஆரம்பிக்கிற பைட் வரிசையை டீகோட் பண்ண முடியலை"ன்னு வருது. 224 ஒரு துப்பு: யூடிஎஃப்-8ல தமிழ் எழுத்து ஒவ்வொண்ணும் 3 பைட், முதல் பைட் எப்பவும் 224. அதாவது உங்க ஃபைல் நல்லாத்தான் இருக்கு. கன்டெய்னர்ல 'லாங்' வேரியபிள் செட் ஆகலை, அதனால ஹாஸ்கெல் அதை ஆஸ்கின்னு நினைச்சுப் படிக்குது. 'லாங்'க்கு சி.யூடிஎஃப்-8ன்னு குடுங்க, இல்லைன்னா கோட்லயே ஹேண்டிலுக்கு என்கோடிங்கை செட் பண்ணுங்க.

இதைவிட மோசம், எர்ரரே வராதது. பைட்ஸ்டிரிங்ல 'சார் 8'னு ஒரு மாட்யூல் இருக்கு. அதோட 'பேக்'ல தமிழைப் போட்டா ஒவ்வொரு எழுத்தையும் 8 பிட்டுக்கு வெட்டி எறிஞ்சிரும். ம போய் ® வந்து நிற்கும். ஒரு முனகல்கூட இருக்காது. டெக்ஸ்ட்டா வச்சு, யூடிஎஃப்-8ல என்கோட் பண்ணுங்க.

கடைசியா

அடுத்த நாள் மாமா அதே மைக்ல, "மூணு வீட்டு வரியும் வந்திருச்சு, லிஸ்ட்டுதான் தப்பு"ன்னு சொன்னார். நான் ரசீதை எடுத்துட்டு அந்தம்மா வீட்டுக்குப் போனேன். யூனிகோட் விளக்கம் எதுவும் சொல்லலை, தப்பு என்னோடதுன்னு மட்டும் சொன்னேன். வாங்கி, ரெண்டு தடவை வாசிச்சுப் பார்த்துட்டு, மடிச்சுச் சுருக்குப் பையில வச்சுக்கிட்டாங்க.

ராத்திரி 11 மணிக்கு வந்த அந்த எர்ரர், "நீ தேடுற ஆள் இங்க இல்லை"ன்னு எனக்கு நேராவே சொல்லுச்சு. ஏன் இல்லைன்னு கேட்காம, அதோட வாயைப் பொத்துனது நான். அடுத்த தடவை புரியாத எர்ரர் வந்தா, அதை எப்படி நிறுத்துறதுன்னு தேடுறதுக்கு முன்னாடி, ஒரே ஒரு 'பிரின்ட்' போட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடுல லேசினஸ் மெமரியைத் தின்கிற கதையைப் பார்ப்போம். வர்ட்டா மக்களே!