வீட்டுப் பொக்கிஷத்துக்கு இரண்டாவது பிரதி: குறைந்த செலவில் பாதுகாப்பது எப்படி?

மாம்புரியைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். பல வருடங்கள் வளைகுடா நாட்டில் தொழில் செய்து ஊர் திரும்பியவர். சேர்ந்த காலத்துப் புகைப்படங்கள், பிள்ளைகளின் சிறுபராய வீடியோக்கள், தங்கையின் கலியாண வீடியோ, மௌத்தாகிவிட்ட வாப்பா கேசட்டில் பேசி அனுப்பிய குரல், இவற்றோடு பயான்களும் படங்களுமாக எல்லாம் சேர்ந்து 2 டெராபைட். அத்தனையும் ஒரேயொரு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றது. "இதற்கு இன்னொரு பிரதி எடுத்து வைக்க வேண்டும், ஆனால் கை கடிக்காமல் இருக்க வேண்டும், என்ன வழி?" என்பதே அவரது கேள்வி.

இது அவருக்கு மட்டுமுரிய கேள்வி அல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எமது மக்கள், சில மணித்தியால அவகாசத்தில் கையில் அகப்பட்டதோடு புத்தளம், கல்பிட்டிப் பகுதிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். பின்னர் வீடும் காணியும் மீளக் கிடைத்தவர்களுக்கும் கூட, விட்டு வந்த அல்பம் கிடைக்கவில்லை. அதற்கு முன் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்களை மீண்டும் வாங்கலாம். வேறெங்கும் பிரதி இல்லாத ஓலைச்சுவடிகளை எங்கே வாங்குவது? ஒரே பிரதி, ஒரே இடம் என்பதுதான் இழப்பின் ஆரம்பம்.

முதலில் தரம் பிரியுங்கள்

செலவைக் குறைக்கும் வழி கடையில் இல்லை, உங்கள் கணினியிலேயே இருக்கின்றது. உள்ளவற்றை இரண்டாகப் பிரியுங்கள். மீண்டும் பெறக்கூடியவை ஒரு பக்கம்: படங்கள், பயான்கள், மென்பொருட்கள். உலகில் வேறெங்கும் கிடைக்காதவை மறுபக்கம்: வாப்பாவின் குரல், குடும்பப் புகைப்படங்கள், காணி உறுதியின் ஸ்கேன் பிரதி. பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது வகை மொத்தத்தில் சிறு பங்குதான். 2 டெராபைட்டில் அது 200 கிகாபைட் என்று வைத்துக்கொண்டால், உயர்ந்த பாதுகாப்புக்கான செலவு பத்தில் ஒரு பங்குக்கு மட்டுமே.

எந்தச் சாதனம் இலாபம்?

கடையில் பெட்டியின் விலையைப் பார்க்காதீர்கள். விலையை டெராபைட்டால் வகுத்து, ஒரு டெராபைட்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். அதோடு உங்கள் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

*டீவீடி இறுவட்டு:* ஒன்று 4.7 கிகாபைட் கொள்ளும். 2 டெராபைட்டுக்கு 426 இறுவட்டுகள் வேண்டும். எழுதி முடிக்கவே பல வாரம் செல்லும். 25 கிகாபைட் கொள்ளும் புளூரே என்றால் 80 போதும். ஆனால் அதற்குரிய டிரைவைத் தனியாக வாங்க வேண்டும்.

*பென் டிரைவ், மெமரி கார்ட்:* எடுத்துச் செல்ல நல்லவை, ஆண்டுக்கணக்கில் சேமிக்க அல்ல. மின்சாரமின்றி நீண்ட காலம் கிடந்தால் பதிவு மங்கக்கூடும். மலிவு விலையில், பொய்யான கொள்ளளவு எழுதப்பட்டவையும் சந்தையில் உண்டு.

*இணையச் சேமிப்பு:* கூகுள் இலவசமாகத் தருவது 15 கிகாபைட். அதற்கு மேல் சந்தா. விநாடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 2 டெராபைட்டை ஏற்ற, இடைவிடாமல் 18 நாட்களுக்கு மேல் வேண்டும். முழுவதற்கும் இது கட்டுப்படியாகாது. அரிய 200 கிகாபைட்டுக்கு மட்டும் பொருந்தும். சந்தா தவறினாலும், இரண்டு வருடம் கணக்கைத் திறக்காமல் விட்டாலும் அழிக்கப்படலாம் என்பதை மறந்துவிடலாகாது.

*வெளி ஹார்ட் டிஸ்க்:* எமது சகோதரருக்கு ஏற்றது இதுதான். விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் 2 டெராபைட்டும் ஐந்தரை மணித்தியாலத்தில் ஏறிவிடும். 2.5 அங்குல டிஸ்க் கணினியின் யூஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும். 3.5 அங்குலத்துக்குத் தனி அடெப்டர் தேவை. 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட எமக்கு, மடிக்கணினியோடு இயங்கும் சிறியதே வசதி.

ஒன்று போதுமா?

போதாது. பெருந்தொகையான டிஸ்க்குகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனத்தில், 2023இல் நூற்றுக்கு ஏறத்தாழ 1.7 என்ற விகிதத்தில் டிஸ்க்குகள் பழுதாகின. அது குளிரூட்டிய அறையில், பராமரிப்போடு. காற்றாலைகள் சுழலும் அளவுக்குக் கடல் காற்று வீசும் மாம்புரியில், உப்பும் ஈரப்பதமும் வேறு.

ஆகவே அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரபலமாக்கிய 3-2-1 விதியைக் கைக்கொள்ளுங்கள்: மொத்தம் மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு ஊரில். மீளப் பெறக்கூடியவற்றுக்கு இரண்டு பிரதிகளே தாராளம்.

ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் வைத்து, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் தானாகப் பதியும் 'ரெய்ட்' முறையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது டிஸ்க் பழுதுக்கு மருந்து; தவறுதலாக அழிப்பதற்கும், வைரஸுக்கும், திருட்டுக்கும் அல்ல. ஒன்றில் அழிந்தது மற்றதிலும் அதே கணம் அழியும்.

செய்யும் முறை

1. பழைய வீடியோ கேசட்டுகள் இருந்தால் முதலில் அவற்றைக் கணினிக்கு மாற்றுங்கள். 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் வீசிஆர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. ஓடும் இயந்திரங்கள் வருடாவருடம் குறைகின்றன.

2. புதிய டிஸ்க் ஒன்றை வாங்குங்கள். ஏற்கனவே உள்ளதும் அதுவும் வெவ்வேறு தயாரிப்பாக இருப்பது நல்லது. பாவித்த டிஸ்க்கை மலிவு என்று வாங்க வேண்டாம்.

3. டெராகாப்பி போன்ற இலவச மென்பொருளால் பிரதி செய்து, 'சரிபார்' வசதியையும் இயக்குங்கள்.

4. புதிய டிஸ்க்கைப் புத்தளத்திலோ குருநாகலிலோ உள்ள சாச்சா வீட்டில் வையுங்கள். வருடத்தில் இரண்டு பெருநாட்களுக்கும் போய் வருவீர்கள்தானே? அப்போது எடுத்து வந்து, புதியவற்றைச் சேர்த்து, மீண்டும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

5. வீட்டிலுள்ள டிஸ்க்கைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு வையுங்கள். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இடி மின்னலும் வைரஸும் செருகியிருக்கும் டிஸ்க்கையே தாக்கும்.

6. இணையக் கணக்கின் கடவுச்சொல்லை எழுதி, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

திறந்து பார்த்தீர்களா?

1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் தவறான ஒரு கட்டளையால் அழிந்தன. மாற்றுப் பிரதியைத் தேடியபோது அது ஒழுங்காகப் பதிந்திருக்கவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய ஓர் ஊழியரின் கணினியில் இருந்த பிரதியே படத்தைக் காப்பாற்றியது. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்நிலை. ஆகவே ஒவ்வொரு பெருநாளிலும் பத்துக் கோப்புகளையாவது திறந்து பாருங்கள். திறக்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் எடுக்க வேண்டாம்.

எமது சகோதரரின் செலவு இப்போது தெளிவாகிவிட்டது: புதிதாக ஒரு டிஸ்க், ஒரு பிளாஸ்டிக் பெட்டி, 200 கிகாபைட்டுக்கு ஒரு சிறு சந்தா. டிஸ்க் பழுதான பின் தரவை மீட்டெடுக்கும் இடங்கள் கேட்கும் தொகை, புதிய டிஸ்க்கின் விலையைவிடப் பல மடங்கு. அதைக் கொடுத்தாலும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வியாபாரக் கண்ணோடு பார்த்தாலும், இன்றைய சிறு செலவே இலாபம். கேசட்டிலுள்ள வாப்பாவின் குரலுக்கு விலை சொல்ல எந்தக் கடையாலும் முடியாது. இந்த வாரமே ஆரம்பியுங்கள்.