30-க்கு 23 வந்தால் மறதி நோயா?

மருத்துவமனையில் உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ஞாபகப் பரிசோதனை செய்து, சீட்டில் "30-க்கு 23" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? உடனே "மறதி நோய் வந்துடுச்சு" என்று முடிவுகட்டி ஏடிஎம் கார்டையும் வண்டிச் சாவியையும் வாங்கி வைத்துவிடாதீர்கள். அந்த எண் நோயின் பெயர் அல்ல. இன்னும் கொஞ்சம் பார்க்கணும் என்பதற்கான குறிப்பு, அவ்வளவுதான்.

பரவலாகப் பயன்படும் எம்.எம்.எஸ்.இ. பரிசோதனை 1975-இல் அமெரிக்காவில் வெளியானது. இன்று என்ன தேதி, இது எந்த ஊர், சற்று முன் சொன்ன மூன்று வார்த்தைகள் என்ன, 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேள்விகள் போகும். பொதுவாக 24-க்குக் கீழே வந்தால் மேற்கொண்டு சோதிப்பார்கள். ஆனால் பள்ளிக்கூடமே போகாத ஒருவரைக் கழிக்கவும் வரையவும் சொன்னால், அது ஞாபகத்தைச் சோதிக்கிறதா, படிப்பைச் சோதிக்கிறதா? ஆவணி எத்தனாம் தேதி என்றால் பட்டென்று சொல்லும் பாட்டி, இங்கிலீஷ் தேதி கேட்டால் திணறுவார். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களுக்காகவே ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் இந்தியில் தனிப் பரிசோதனை உருவாக்கினார்கள். அதனால் "இவங்க வயசு, படிப்புக்கு இது குறைவா டாக்டர்?" என்று கேளுங்கள்.

விரிவான பரிசோதனையில் பத்துப் பகுதிகள் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் ஆரோக்கியமானவர்கள் 100 பேரில் கடைசி 5 பேரை "குறைவு" என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பகுதிகள் என்றால், கணக்குப்படி 40 பேருக்கு ஏதாவது ஒன்றிலாவது "குறைவு" விழும்! நடைமுறையில் பகுதிகளுக்குள் தொடர்பு உண்டு என்பதால் எண்ணிக்கை குறையும். ஆனாலும் ஒரே ஒரு "குறைவு" அபூர்வம் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் 29 வாங்கிவிடுவார். ஆனால் பழகிய தெருவில் வழி தவறுகிறார், கரண்ட் பில்லை இரண்டு தடவை கட்டுகிறார் என்றால் அந்த 29-ஐ நம்பி இருந்துவிடாதீர்கள். மதிப்பெண்ணைவிட அன்றாட வாழ்க்கையில் வந்த மாற்றம்தான் முக்கியம். அதைத் தேதியோடு குறித்து வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

பரிசோதனைக்குப் போகும்போது கண்ணாடி, காது மெஷின், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கேள்வி காதில் விழாமல் போனதும் மறதியாகப் பதிவாகிவிடும். தூக்க மாத்திரை, மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாடு ஆகியவையும் மதிப்பெண்ணைக் குறைக்கும். இவை சரிசெய்யக்கூடியவை. ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லலாம். கேள்விகள் பழகிவிடுவதால் இரண்டாம் தடவை ஓரிரு மதிப்பெண் ஏறுவது சகஜம். ஓரிரு மதிப்பெண் இறங்குவதும் அப்படித்தான்.

சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை இயங்குகிறது. வெளியூர்க்காரர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஆரம்பிக்கலாம். எங்கே போவது என்று தெரியவில்லை என்றால் முதியோர் உதவி எண் 14567-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.