உங்களுக்குத் தெரியுமா? பழைய போர்டு, புது பிராசசர்!

2017-இல் வந்த ஏஎம்டி மதர்போர்டுகள் பலவற்றில், 2022-இல் வெளியான ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரையும் பொருத்தலாம். போர்டை மாற்றவே வேண்டாம்!

• காரணம், இரண்டுக்கும் ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட். உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்பதைப் போர்டு நிறுவனத்தின் பட்டியலில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

• பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். இல்லையென்றால், புதியதை மாட்டியதும் திரையில் எதுவும் வராமல் போகலாம்.

• தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையா? ரைசன் 5 5600 உதவாது, 5600ஜி வாங்குங்கள். அதில் கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது.

• ஏஎம்5 போர்டுக்கு மாறினால் பழைய டிடிஆர்4 ரேம் பயன்படாது. டிடிஆர்5 ரேமுக்கும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள்.