பல்லில் பழுப்பு கறையா? ஆசிட் வைத்தியம் வேண்டாம்! என்ன சிகிச்சை... எவ்வளவு செலவு?

தர்மபுரி:

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கூட்டமாக நின்று போட்டோ எடுக்கும்போது கவனித்தால் தெரியும். நாலு பேர் பல் தெரிய சிரிப்பார்கள். ரெண்டு பேர் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கு சிரிக்க தெரியாமல் இல்லை. முன்பல்லில் இருக்கும் பழுப்பு கறைதான் காரணம்.

பெண் பார்க்க வருபவர்கள் "எல்லாம் சரிதான், பல்லுதான் ஒரு மாதிரி இருக்கு" என்று இழுப்பது இந்த பகுதிக்கு புதிது அல்ல. வேலைக்கு நேர்காணல் போகும் பையன்களும் பேசும்போது கையை வாய்க்கு குறுக்கே வைத்துக்கொள்கிறார்கள். "பல் விளக்கவே மாட்டானா?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுதான் இவர்களுக்கு பெரிய வேதனை. தினமும் ரெண்டு வேளை பல் விளக்குபவருக்கும் இந்த கறை இருக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

இந்த கூச்சத்தை வைத்து காசு பார்க்க ஒரு கூட்டமே இருக்கிறது. ஆகவே என்ன கறைக்கு என்ன சிகிச்சை, எதில் ஆபத்து, எவ்வளவு செலவு ஆகும் என்பதை தெரிந்துகொள்வது நல்லது.

கறை வருவது எப்படி?

எல்லா கறையும் ஒரே கறை அல்ல. முதலில் இதை புரிந்துகொள்ள வேண்டும்.

வெற்றிலை பாக்கு, பீடி, சிகரெட், குட்கா, டீ ஆகியவற்றால் வரும் கறை பல்லின் மேலே படிவது. ஈறு ஓரத்தில் கெட்டியாக பிடித்திருக்கும் காரையும் அப்படித்தான். இது மேல் அழுக்கு. எடுத்துவிடலாம்.

இந்த 2 மாவட்டங்களிலும் அதிகம் காணப்படுவது வேறு வகை. ஆழ்துளை கிணற்று தண்ணீரில் புளோரைடு என்ற உப்பு அதிகமாக இருப்பதால் வருவது. பாறை அடுக்குகளில் தங்கி நிற்கும் தண்ணீரில் இந்த உப்பு கரைகிறது. குடிக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் புளோரைடு இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு குடிநீர் தரத்தில் 1 மில்லி கிராம் வரை இருப்பதே விரும்பத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லை என்றால்தான் 1.5 வரை அனுமதி.

பிறந்ததில் இருந்து சுமார் 8 வயது வரை குழந்தையின் தாடைக்குள் நிலைப்பற்கள் உருவாகிக்கொண்டே இருக்கும். அந்த சமயத்தில் புளோரைடு அதிகம் உள்ள தண்ணீரை தொடர்ந்து குடித்தால், பல்லின் மேல் ஓடான எனாமல் சரியாக இறுகாமல் போய்விடுகிறது. பல் முளைக்கும்போது சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை திட்டாக இருக்கும். பிறகு அந்த நுண்ணிய ஓட்டைகளில் நிறம் ஏறி மஞ்சள், பழுப்பு, சில பேருக்கு கறுப்பு என்று மாறும். அதாவது இந்த கறை பல்லோடு பிறந்தது. பல் விளக்காததால் வந்தது அல்ல.

பெரியவர்கள் ஆன பிறகு அந்த தண்ணீரை குடித்தால் பல்லில் இந்த கறை வராது. ஆனால் பல வருடம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும்.

செங்கல் பொடி, சாம்பல், எலுமிச்சை

கறை போகட்டும் என்று செங்கல் பொடி, அடுப்பு சாம்பல், உப்புக்கல் வைத்து தேய்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எலுமிச்சம் பழத்தோலை வைத்து தேய்ப்பவர்களும் உண்டு. முதல் நாள் வெள்ளையாக தெரியும். உண்மையில் எனாமல்தான் தேய்ந்து போகிறது. எனாமல் திரும்ப வளராது. அடியில் இருக்கும் மஞ்சள் நிற பகுதி வெளியே தெரிய தொடங்கும். பல் முன்னைவிட மஞ்சளாகும். ஐஸ் தண்ணீர் குடித்தால் கூச்சம் உச்சந்தலைக்கு ஏறும்.

இதைவிட மோசம், படிப்பு இல்லாத ஆட்கள் பஞ்சில் ஆசிட் தொட்டு பல்லில் தேய்த்துவிடுவது. பல் டாக்டர்களும் ஒருவகை கறைக்கு ஆசிட் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அது அளவு பார்த்து, ஈறில் படாமல் ரப்பர் திரை கட்டி, சில நொடி மட்டும் வைத்து கழுவுவது. தெருவோரத்தில் பாட்டிலில் இருந்து ஊற்றி தேய்ப்பது வேறு. ஈறு வெந்துவிடும். பல்லும் போகும்.

என்னென்ன சிகிச்சை?

சுத்தம் செய்தல்: கிளீனிங் என்று சொல்வது இதைத்தான். மேலே படிந்த காரை, வெற்றிலை கறை, பீடி கறை இதில் போய்விடும். "கிளீனிங் பண்ணினா பல்லு ஆடும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. காரை சேர்ந்து ஈறு இறங்கிய பல், காரையை எடுத்ததும் இடைவெளி தெரிவதால் ஆடுவது போல தோன்றும். காரையை விட்டு வைத்தால்தான் பல் விழும். ஆனால் புளோரைடு கறை கிளீனிங்கில் போகாது.

மேலாக சுரண்டுதல்: லேசான புளோரைடு கறைக்கு இது. ஆசிட் கலந்த பசையை வைத்து எனாமலின் மேல்படலத்தை மிக மெல்லியதாக தேய்த்து எடுப்பார்கள். கறை மேலாக இருந்தால் 1 அல்லது 2 தடவையில் நல்ல பலன் தெரியும். ஆழமாக இருந்தால் பலன் குறைவு.

பிளீச்சிங்: பெராக்சைடு மருந்து வைத்து பல்லை வெளுக்க வைப்பது. ஆஸ்பத்திரியில் உட்கார வைத்தும் செய்வார்கள். பல்லுக்கு அளவெடுத்த உறையில் மருந்து போட்டு வீட்டிலேயே இரவில் மாட்டிக்கொள்ளும் முறையும் உண்டு. மஞ்சள், இளம் பழுப்புக்கு நல்லது. சில நாள் பல் கூசும். பிறகு சரியாகிவிடும். வெள்ளை திட்டு உள்ளவர்களுக்கு ஆரம்பத்தில் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியலாம். பயப்பட வேண்டாம். இந்த வெளுப்பு நிரந்தரம் அல்ல. டீயும் பீடியும் தொடர்ந்தால் சீக்கிரமே பழைய நிறம் வந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும், சிறுவர்களுக்கும் இது வேண்டாம். ஏற்கனவே அடைத்த பல், கேப் போட்ட பல் வெளுக்காது என்பதையும் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

பல் நிற பூச்சு: காம்போசிட் என்ற பல் நிற பசையை முன்பல் மேல் பூசி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைப்பார்கள். பல்லை அதிகம் ராவ வேண்டியது இல்லை. ஒரே நாளில் முடியும். உடைந்த பல், இடைவெளி உள்ள பல்லுக்கும் ஏற்றது. சில வருடத்தில் நிறம் மங்கும், ஓரம் உடையும். மறுபடி பூச வேண்டி வரும்.

வெனீர்: பீங்கானில் நகம் போல மெல்லிய தகடு செய்து முன்பல்லில் ஒட்டுவது. அடர் பழுப்பு கறைக்கு பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் இதற்கு பல்லின் முன்பக்கத்தை சுமார் அரை மில்லி மீட்டர் ராவ வேண்டும். ராவியது ராவியதுதான். வாழ்நாள் முழுக்க அந்த பல்லுக்கு ஏதாவது ஒரு மூடி தேவைப்படும்.

கேப்: பல்லை சுற்றிலும் ராவி முழுசாக மூடுவது. உடைந்த பல், வேர் சிகிச்சை செய்த பல்லுக்குத்தான் இது. வெறும் கறைக்காக நல்ல பல்லை சுற்றிலும் ராவி கேப் போடுவதை அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளக்கூடாது. அதிகமாக ராவினால் உள்ளே நரம்பு செத்துப்போய் வேர் சிகிச்சை வரை இழுத்துவிடும்.

கம்பி கட்டுதல்: எத்துப்பல், கோணல் பல்லுக்கு. சாதாரணமாக ஒன்றரை வருடம் முதல் 2 வருடம் ஆகும். கல்யாணத்துக்கு 3 மாதம் இருக்கும்போது வந்து "சீக்கிரம் முடிச்சு குடுங்க" என்று கேட்டால் நடக்காது. கம்பியை கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்கு ஓடாமல் இருக்க தாங்கி மாட்ட வேண்டும். கம்பியும் வேண்டும், வெனீரும் வேண்டும் என்றால் முதலில் கம்பிதான்.

20 வயசுக்காரர்கள் யோசிக்க வேண்டியது

பீங்கான் வெனீர் நல்லபடியாக பார்த்துக்கொண்டால் 10 முதல் 15 வருடம் வரை தாங்கும். 20 வயதில் போட்டால் 60 வயதுக்குள் 2, 3 தடவை மாற்ற வேண்டி வரும். ஒவ்வொரு தடவையும் செலவு. ஒவ்வொரு தடவையும் பல்லுக்கு கொஞ்சம் சேதாரம். கல்யாண அவசரத்தில் யாரும் இதை கணக்கு போடுவது இல்லை.

அதனால்தான் குறைவாக கை வைக்கும் சிகிச்சையில் இருந்து தொடங்க வேண்டும் என்பது பல் மருத்துவத்தில் பொது விதி. முதலில் கிளீனிங், பிறகு மேலாக சுரண்டுதல், பிளீச்சிங். போதவில்லை என்றால் பல் நிற பூச்சு. அதற்கும் மேல்தான் வெனீர். முதல் நாளே "எல்லா பல்லையும் ராவி கேப் போட்டுடலாம்" என்று சொன்னால் இன்னொரு பல் டாக்டரிடம் காட்டி கேட்டுவிட்டு முடிவு செய்வது நல்லது.

எவ்வளவு செலவாகும்?

தனியாரில் ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் கட்டணம் மாறும். கிளீனிங் என்றால் சில நூறு ரூபாயில் இருந்து ஆயிரத்து ஐநூறு வரை போகலாம். பிளீச்சிங் பல ஆயிரம். பல் நிற பூச்சுக்கும் வெனீருக்கும் ஒரு பல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. இதில் பீங்கான் வெனீர் பூச்சைவிட பல மடங்கு அதிகம். சிரித்தால் மேலே 6 அல்லது 8 பல் தெரியும். ஒரு பல் விலையை கேட்டுவிட்டு தலையாட்டினால், கடைசியில் பில்லை பார்த்து மயக்கம் வரும். மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்க வேண்டும்.

கையில் காசு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்ட அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு உள்ளது. கறை எந்த வகை என்று அங்கே காட்டி தெரிந்துகொள்ளலாம். சென்னை கோட்டை ரெயில் நிலையம் எதிரே அரசு பல் மருத்துவக்கல்லூரி உள்ளது. சிதம்பரம் அண்ணாமலை நகரிலும், 2023-ம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக்கல்லூரிகள் உள்ளன. தனியார் பல் மருத்துவக்கல்லூரிகளிலும் பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை அளிப்பதால் வெளியே உள்ள கிளினிக்குகளைவிட கட்டணம் குறைவு. நேரம் கூடுதலாக ஆகும். நாலு நடை நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

உட்காரும் முன் கேளுங்கள்

சிகிச்சை அளிப்பவர் பி.டி.எஸ். படித்தவரா, மாநில பல் மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பார்க்க வேண்டும். பதிவு எண் போர்டிலும் சீட்டிலும் இருக்கும். பல் செட் செய்து கொடுப்பவரும், டாக்டருக்கு உதவியாளராக இருந்தவரும் பல் டாக்டர் ஆகிவிட முடியாது.

என் பல்லை எவ்வளவு ராவுவீர்கள்? எத்தனை வருடம் தாங்கும்? உடைந்தால் யார் செலவு? இந்த 3 கேள்விக்கு பதில் வாங்கிய பிறகுதான் நாற்காலியில் சாய வேண்டும்.

கருவிகள் கொதிகலனில் சுத்தம் செய்யப்பட்டதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாணியம்பாடியில் 2023-ம் ஆண்டு ஒரு பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்ற 8 பேர் மூளையில் தொற்று பரவி உயிர் இழந்தனர். பல் கழுவும் உப்பு நீர் பாட்டிலை சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, அதையே திரும்ப திரும்ப பயன்படுத்தியதுதான் காரணம் என்று பின்னர் நடந்த மருத்துவ ஆய்வில் தெரியவந்தது. பல் வைத்தியம்தானே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது.

பிள்ளைகளுக்கு வராமல் தடுக்க...

வந்த கறையை மறைக்க ஆயிரக்கணக்கில் செலவு. வராமல் தடுக்க செலவு அதிகம் இல்லை.

இந்த பிரச்சினைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டம் கொண்டுவரப்பட்டது. ஜப்பான் நிதி உதவியுடன் ரூ.1,928 கோடியில் திட்டமிடப்பட்டு, 2008-ம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. 2013-ம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்தது. காவிரி தண்ணீரை சுத்தம் செய்து 2 மாவட்டங்களுக்கும் குழாயில் கொடுப்பதுதான் திட்டம்.

குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வந்தால், வீட்டில் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால், குடிக்கவும் சமைக்கவும் அதைத்தான் பிடித்து வைக்க வேண்டும். போர் தண்ணீரை துணி துவைக்க, குளிக்க வைத்துக்கொள்ளலாம். "போர் தண்ணிதான் ருசியா இருக்கு" என்று பழக்கத்தில் அதையே குடிப்பவர்கள் உண்டு. புளோரைடுக்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. ருசி பார்த்து கண்டுபிடிக்க முடியாது.

கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு அப்படியே தங்குவதால் அளவு கூடத்தான் செய்யும். ஆர்.ஓ. எந்திரத்தில் வடிகட்டினால் குறையும். மழை தண்ணீரை சுத்தமாக பிடித்து வைத்தால் அதில் புளோரைடு தொல்லை இருக்காது. போர் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து சோதித்துக்கொள்ளலாம்.

குழந்தைகள் டூத் பேஸ்ட்டை விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு, 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். விளம்பரத்தில் காட்டுவது போல பிரஷ் முழுக்க பிதுக்க வேண்டாம்.

வாயை மூடி சிரிக்கும் பழக்கம் அப்பா, அம்மாவோடு போகட்டும். பிள்ளைகள் குடத்தில் எந்த தண்ணீர் என்பதை இன்றைக்கே பாருங்கள்.