யார் ஒதுங்குவது? ரயில் சிமுலேட்டரில் கூட்ஸும் பாசஞ்சரும்

ரயில் சிமுலேட்டரைப் பொழுதுபோகாதவர்களின் விளையாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் நம்மிடையே அதிகம். எனக்கு அது ஒரு பிரதி. ரயில்வே என்பது எது, அதில் யாருக்கு இடம், யார் முதலில் போகலாம் என்ற தீர்மானங்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றை வாசிக்கலாம், மாற்றியும் எழுதலாம். 2001இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ட்ரெயின் சிமுலேட்டரின் கோப்புகளை ஓட்டக்கூடிய ‘ஓப்பன் ரெயில்ஸ்’ இலவசமாகக் கிடைக்கிறது, மூலநிரலும் திறந்தே இருக்கிறது. அதை வைத்தே பேசுகிறேன். உதாரணத்துக்கு நமக்குப் பழகிய கடற்கரை - தாம்பரம் பாதை.

இதில் வண்டிகளை ஏற்பாடு செய்ய இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ஆக்டிவிட்டி. அங்கே உங்கள் வண்டிதான் கதாநாயகன்; மற்றவை எதிரே வரவும் குறுக்கே நிற்கவும் படைக்கப்பட்டவை. இன்னொன்று டைம்டேபிள். இடப்பக்கம் ஸ்டேஷன் பெயர்கள், ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பத்தி, கட்டங்களில் வரும் நேரமும் புறப்படும் நேரமும். எந்தப் பத்தியை வேண்டுமானாலும் நீங்கள் ஓட்டலாம், மற்றவை தாமாக ஓடும். முதலாவது நாவல் என்றால் இரண்டாவது வரலாறு. நான் இரண்டாவதன் பக்கம்.

பாசஞ்சர் வண்டியில் ஆரம்பிப்போம். முதலில் பாதை: எந்தத் தண்டவாளத்தில் கிளம்பி, எந்தப் பாயின்ட்டில் திரும்பி, எங்கே முடிகிறது என்று வரைய வேண்டும். பிறகு வண்டியின் சேர்க்கை: 9 பெட்டியா, 12 பெட்டியா. அதன் பிறகு நேரங்கள். ஆக்டிவிட்டி முறையில் ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் காத்திருக்கும் பயணிகளின் எண்ணிக்கை ஒன்று தரப்படுகிறது. வண்டி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதைப் பொறுத்தது. மாம்பலத்தையும் சைதாப்பேட்டையையும் பிரிப்பது இந்த ஒரு எண்தான். தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவிலிருந்து பைகளோடு வருகிற கூட்டம், மூட்டை சுமக்கிற பெண், கடை மூடிவிட்டுக் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடுகிற பையன் எல்லாரும் அந்த எண்ணுக்குள் அடக்கம். ஜனங்களை எண்ணாக்காமல் எந்த நிர்வாகமும் நடப்பதில்லை, சரி. ஆனா அந்த எண்ணை யார் போடுறாங்க என்று கேட்கலாமில்லையா?

கூட்ஸ் வேறு மாதிரி. 58 பாக்ஸ்என் வேகன்களில் நிலக்கரி ஏற்றினால் எடை நாலாயிரம் டன்னைத் தாண்டும். எலெக்ட்ரிக் ட்ரெயினில் பிரேக் சட்டென்று பிடிக்கும். கூட்ஸில் காற்றழுத்தம் கடைசி வேகன்வரை போய்ச்சேர நேரமாகும். எனவே அதற்கு முடுக்கம் குறைவு, நிற்கும் தூரம் அதிகம். அட்டவணையில் தாராளமான இடைவெளி விட வேண்டும். வேகன்களைக் கழற்றிவிடவும் இணைக்கவும் தனிக் கட்டளைகள் உண்டு. பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் கூட்ஸை லூப் லைனில் ஒதுக்கிக் காத்திருக்கச் செய்யவும் ஒரு கட்டளை உண்டு. இந்திய ரயில்வேயின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கொண்டுவருவது சரக்கு. லூப்பில் ஒதுங்கி நிற்பதும் அதுவே. உழைத்துக் கொடுப்பவர் ஓரத்தில் நிற்பது நமக்குப் புதுசா என்ன?

சிமுலேட்டரின் பெரிய பொய் இந்த லூப் லைனில்தான் இருக்கிறது. அங்கே சிக்னலும் பாயின்ட்டும் ஒரே உண்மையின் இரண்டு முகங்கள். பச்சை விழுந்தால் பாதை திறந்திருக்கிறது என்று பொருள். அமைப்பியல்காரர்களின் மொழியில் சொன்னால், குறிப்பானும் குறிப்பீடும் அங்கே பிரிவதே இல்லை. வெளியே அப்படியல்ல. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை கிடைத்தது, பாயின்ட் லூப்பைப் பார்த்திருந்தது. அங்கே கூட்ஸ் நின்றது. 280க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 அக்டோபர் 11 அன்று நம் கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் அதேபோல லூப்பில் புகுந்து கூட்ஸில் மோதியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. சிக்னலையும் பாயின்ட்டையும் சேர்த்து வைத்திருப்பது ஒயரும் போல்ட்டும், அவற்றைப் பார்த்துக்கொள்கிற மனிதர்களின் கையும். சிமுலேட்டரில் அந்தக் கை இல்லை. கீமேன் இல்லை, டிராக்மேன் இல்லை. 1974 மே மாதம் சுமார் 17 லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று 8 மணி நேர வேலை. தாமாக ஓடும் வண்டிக்கு வேலை நேரமும் கிடையாது, தூக்கமும் கிடையாது.

மயிலாப்பூர் பக்கம் வந்தால் இந்த அழிப்பு இன்னும் துல்லியம். கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை 1995இலும், திருமயிலைவரை 1997இலும், வேளச்சேரிவரை 2007இலும் நீண்டது பறக்கும் ரயில். அட்டவணை போட இதைவிடச் சுலபமான பாதை கிடைக்காது: கூட்ஸே கிடையாது. ஆனால் அதன் தூண்கள் நிற்பது பக்கிங்ஹாம் கால்வாயில். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் நகரப் பகுதி, 1876-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகப் பட்டினிக்காரர்களைக் கொண்டு வெட்டப்பட்டது. படகுகள் சரக்கு ஏற்றிப் போன பாதை அது. சிமுலேட்டரில் அதைத் தூணுக்கடியில் ஒரு நீலப் பட்டையாக வைத்துவிட்டுப் போகலாம். பல வருஷமாக நகரமும் ஏறக்குறைய அதைத்தானே செய்திருக்கிறது?

அப்படியென்றால் இதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. அட்டவணையில் முதலிடத்தைக் கூட்ஸுக்குக் கொடுங்கள். எலெக்ட்ரிக் ட்ரெயின்கள் எங்கே தாமதமாகின்றன என்று பாருங்கள். முன்னுரிமை இயற்கை விதியல்ல, யாரோ எடுத்த முடிவு என்பது அரை மணியில் விளங்கும். ஆக்டிவிட்டியில் தற்காலிக வேகக் கட்டுப்பாட்டுப் பகுதி ஒன்றை வைக்க முடியும். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவில் ஒன்று வையுங்கள். அந்த இடத்தில் திரையில் யாரும் தெரியமாட்டார்கள். வண்டி மட்டும் வேகம் குறைத்துப் போகும். ஏன் குறைக்கிறது என்று ஓட்டுகிறவர் கேட்கட்டும். தண்டவாளத்தில் ஆள் வேலை செய்கிறார் என்பது அதற்கான பதில்.