தேடப் போனவனைத் தேட யார் போவது?



லாபிஸ் வட்டாரத்தில் ஒரு பழைய கதை அவ்வப்போது தலை தூக்கும். காட்டுக்குள்ளே ஆளை விட இரண்டு மடங்கு உயரமாய், உடம்பெல்லாம் மயிராய் ஒன்று நடமாடுகிறது என்பார்கள். மாவாஸ் என்பார் சிலர். ஹந்து ஜாராங் கிகி, அதாவது பல் இடைவெளிப் பேய் என்பார் சிலர். கதை கேட்பதில் தப்பில்லை. ஆனால் சனிக்கிழமை சம்பளத்தைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை ரப்பர் மரத்தடியில் நிறுத்திவிட்டு, "அண்ணே, அதைப் படம் பிடிச்சுக்கிட்டு வந்துடறோம்" என்று நம் பிள்ளைகள் கிளம்புகிறார்களே, அங்கேதான் நமக்கு வயிறு கலங்குகிறது.

இந்தக் கதைக்கும் தோட்டத்துக்கும் பழைய உறவு உண்டு. 1953 கிறிஸ்துமஸ் நாளில் பேராக் மாநிலத்தின் துரோலாக் பகுதியில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த சீனப் பெண்ணொருத்தி, மயிரடர்ந்த உருவத்தைக் கண்டு அலறி ஓடியதாகச் செய்தி வந்தது. அவசர காலம் அது. துப்பாக்கியோடு காவலாளிகள் போய்த் தேடினார்கள். பிடிபட்டது ஒன்றுமில்லை.

அப்புறம் நம் ஜொகூரிலேயே ஒரு கூத்து. 2005 கடைசியில் கோத்தா திங்கிப் பக்கம் மீன் குளம் வெட்டிய தொழிலாளர்கள் மூவர், ஒரு மாவாஸ் குடும்பத்தையே பார்த்ததாகச் சொன்னார்கள். காலடித் தடம் 45 சென்டிமீட்டர் என்றார்கள். 2006 தொடக்கத்தில் மாநில அரசே தேடல் குழு அனுப்பப் போவதாக அறிவித்தது. உலகப் பத்திரிகைகள் எல்லாம் ஜொகூரைத் திரும்பிப் பார்த்தன. அந்த ஆண்டே, மாவாஸின் படம் இருக்கிறது என்று பெரிதாய்ப் பேசப்பட்டது. கடைசியில் அது ஆதி மனிதனைப் பற்றிய ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் இருந்த படம் என்று தெரிந்துபோனது. இன்றுவரை ஒரு எலும்பு கிடைத்ததில்லை, ஒரு பல் கிடைத்ததில்லை.

மாவாஸ் இல்லை என்றால் காட்டில் பயமே இல்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. லாபிஸுக்குப் பக்கத்து ஊரான பெக்கோக் வழியாகத்தான் எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் சிலாய் பகுதிக்குப் போகிறோம். 1993இல் அரசிதழில் பதிவான காடு அது. யானை உண்டு, புலி உண்டு. பின்னங்காலில் எழுந்து நிற்கும் கரடியும் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் அதைப் பார்த்தால் யாருக்கும் மாவாஸ்தான்.

மிருகத்தை விடப் பெரிய ஆபத்து வழி தவறுவது. பட்டுத் துணி வியாபாரத்தில் பேர்போன ஜிம் தாம்சன், 1967 மார்ச்சில் கேமரன் மலையில் நடக்கப் போனவர், திரும்பவே இல்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி மக்கள், மந்திரவாதிகள் என்று எல்லாரும் தேடியும் அவருடைய சுவடுகூடக் கிடைக்கவில்லை.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். ஒருத்தன் காணாமல் போனால் அவனைத் தேட யார் போவது? போலீசும் பொம்பாவும் வருவார்கள். ஆனால் அவர்களுக்கு முன்னே பாராங் கத்தியோடு இறங்குகிறவன் பக்கத்துத் தோட்டத்துக்காரன், பக்கத்துக் கம்பத்துக்காரன். அவன் உயிர் என்ன கிள்ளுக்கீரையா?

2010இல் பகாங் மாநிலம் மாரான் அருகே லுபோக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கிய ஒருவரைத் தேடப் பலர் இறங்கினார்கள். தேடிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். சில நாளில் காய்ச்சல். எலிச் சிறுநீரால் வரும் நோயும், மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் நோயும் தாக்கி எட்டுப் பேர் செத்துப்போனார்கள். ஒரு உயிரைத் தேடப் போய் எட்டு உயிர்!

2018 அக்டோபரில் பூச்சோங்கில் பழைய ஈயக் குட்டையில் விழுந்த ஒரு பையனைத் தேடி இறங்கிய பொம்பா வீரர்கள் ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்களுக்கே இந்தக் கதி என்றால், சிலிப்பரும் டார்ச் லைட்டுமாய்ப் போகும் நம் பிள்ளைகளை என்ன சொல்வது?

ஆகவே தோழர்களே, சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

காட்டுக்குப் போவதென்றால் அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் போகாதீர்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். காட்டுக்குள் கைத்தொலைபேசிக்குக் கோடு கிடைக்காது. அதை நம்பி இறங்காதீர்கள்.

வழி தவறிவிட்டால் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே இருங்கள். நடக்க நடக்கத் தேட வேண்டிய இடம்தான் பெருகும். ஆற்றோரம் படுக்க வேண்டாம். மலையில் மழை பெய்தால், நமக்கு மேலே வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

ஆள் திரும்பவில்லையா? விடியட்டும் என்று காத்திராமல் 999க்குக் கூப்பிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

தேடப் போகிறவர்கள் தனித்தனியே சிதறாமல், யார் உள்ளே போனார்கள் என்று பேர் எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும். காலில் புண் உள்ளவர்களும் இனிப்பு நீர் உள்ளவர்களும் சேற்றில், தண்ணீரில் இறங்கவே கூடாது. மெலியோய்டோசிஸ் இனிப்பு நீர்க்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கும். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் பனடோலோடு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய், "காட்டுத் தண்ணீரில் இறங்கினேன்" என்று டாக்டரிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. காணாமல் போனவனைத் தேடப் போன தொழிலாளிக்கு அன்றைய பேர் விழவில்லை என்று சம்பளம் பிடிப்பது நியாயமில்லை. மனித உயிருக்காகப் போனவனின் வீட்டு அடுப்பு அதனால் அணையக் கூடாது. இதைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் வைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பது நம் கருத்து.

மாவாஸ் இருந்தால் அது காட்டிலேயே நிம்மதியாக இருக்கட்டும். திங்கட்கிழமைப் பிரட்டில் நம் பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசையில் நிற்கவேண்டும். நமக்கு அதுதான் வேண்டும்.