விண்டோஸ் 10 ஆதரவு முடிந்தது: வீட்டு கம்ப்யூட்டரை என்ன செய்வது?

வீட்டு லேப்டாப்பை ஆன் செய்கிறீர்கள். எப்போதும்போல ஓடுகிறது. மின்கட்டண ரசீது பிரிண்ட் எடுக்கிறீர்கள், பட்டா நகலைப் பதிவிறக்குகிறீர்கள், பேங்க் தளமும் திறக்கிறது. ஆனால் அதில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், மைக்ரோசாஃப்ட் அதற்கு அளித்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. "நல்லாத்தானே ஓடுது, அப்புறம் என்ன?" என்று எங்கள் வீட்டில் அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆதரவு முடிந்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடாது. மாதாமாதம் வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்தான் நின்றுபோகும். எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். கண்டுபிடிக்கப்படும்போதெல்லாம் நிறுவனம் அடைத்து அனுப்பும். இங்கே ஒரு சிக்கல். விண்டோஸ் 10-ம் 11-ம் உள்ளுக்குள் பெருமளவு ஒரே அடித்தளம் கொண்டவை. 11-க்கு ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டால், எங்கே ஓட்டை இருந்தது என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும். அதே ஓட்டை 10-இலும் இருந்தால், அங்கே அடைக்க ஆளில்லை.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் ஒரு ஓட்டையை அடைத்தது. இரண்டே மாதத்தில், மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' என்ற வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகளே தள்ளிப்போயின. சிக்கியவை எல்லாம் அப்டேட் ஆகாத கம்ப்யூட்டர்கள்.

உங்களிடம் எந்த விண்டோஸ் என்று தெரியவில்லையா? செட்டிங்ஸ் உள்ளே சிஸ்டம், அதில் கடைசியாக 'அபௌட்' என்று இருக்கும். அங்கே பாருங்கள். இருப்பது விண்டோஸ் 7 என்றால் நிலைமை இன்னும் மோசம். அதற்கு 2020 ஜனவரியிலேயே ஆதரவு முடிந்துவிட்டது.

முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

என்ன முடிவு எடுப்பதாக இருந்தாலும், அதற்கு முன் இதைச் செய்யுங்கள். பத்திர ஸ்கேன், வில்லங்கச் சான்று, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், கல்யாண போட்டோ எல்லாவற்றையும் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ காப்பி எடுங்கள். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் இரண்டையும் மறக்க வேண்டாம். நம்மில் பாதிப்பேரின் ஆவணங்கள் அங்கேதான் கிடக்கின்றன. எடுத்த காப்பியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அப்புறம் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். செருகியபடியே விட்டால், வைரஸ் வரும்போது காப்பியும் சேர்ந்தே போகும்.

அடுத்து, இந்த மெஷின் விண்டோஸ் 11-க்குத் தேறுமா என்று பார்க்க வேண்டும். மைக்ரோசாஃப்ட்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச ஆப் ஒரே நிமிடத்தில் சொல்லிவிடும். குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை ப்ராசஸர் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். தேறினால், அசல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 11 இலவசம்தான். 'டிபிஎம் இல்லை' என்று மட்டும் காட்டினால் உடனே மனசு விட வேண்டாம். சில மெஷின்களில் அது இருக்கும், பயாஸ் செட்டிங்கில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

எங்கள் லேப்டாப் தேறவில்லை. 6-ஆம் தலைமுறை. கடையில் கேட்டேன். "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க, இல்லேன்னா ஆயிரத்து ஐந்நூறு கொடுங்க, கிராக் வெர்ஷன் 11 போட்டுத் தர்றேன்" என்றார்கள். இரண்டுமே வேண்டாம். கிராக் செய்த விண்டோஸில் என்ன சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. பாதுகாப்புக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம்!

ஓராண்டு அவகாசம் இருக்கிறது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. வீட்டு உபயோகத்துக்கு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தொடர்ந்து பெறும் 'இஎஸ்யூ' என்ற திட்டம் இருக்கிறது. அதற்கு விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். செட்டிங்ஸில் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி', அதில் 'விண்டோஸ் அப்டேட்' பக்கம் போனால் 'என்ரோல் நவ்' என்று காட்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று கட்டாயம். 30 டாலர் கட்டியும் சேரலாம். ஆனால் செட்டிங்ஸ் விவரங்களை அந்தக் கணக்கோடு பேக்கப் செய்ய சம்மதித்தால் பைசா செலவில்லை. போட்டோ, வீடியோவை எல்லாம் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. இலவச இடமே 5 ஜிபிதான். ஒரே கணக்கில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம்.

இது அவகாசம்தான், தீர்வு இல்லை. அதற்குள் புது மெஷினுக்குப் பணம் சேர்க்கலாம், அல்லது லினக்ஸுக்கு மாறலாம்.

லினக்ஸ் என்றதும் தயங்க வேண்டாம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. இன்று வீட்டுக்கு நான் சொல்வது லினக்ஸ் மின்ட். இலவசம், அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, 4 ஜிபி ரேமிலேயே ஓடும். பென்டிரைவில் போட்டு, நிறுவாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, பிரிண்டர், தமிழ் தட்டச்சு மூன்றும் வேலை செய்கிறதா என்று அப்போதே பாருங்கள். பிரவுசரும் டைப்பிங்கும்தான் உங்கள் வேலை என்றால் போதுமானது. டேலி ஓட்டுகிறவர்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகி ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள் விண்டோஸிலேயே இருப்பது நல்லது.

முடிவு எடுக்கும் வரை பேங்க் வேலையை போனில் செய்யுங்கள். ஆனால் போனுக்கும் இதே கதைதான். செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பக்கத்தில் கடைசி செக்யூரிட்டி அப்டேட் தேதி இருக்கும். அது இரண்டு வருஷம் பழசு என்றால் அந்த போனும் பேங்க் வேலைக்குச் சரிப்படாது.

இன்னொன்று. "உங்கள் விண்டோஸ் காலாவதி ஆகிவிட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை முழுக்கச் சிவப்பாக ஒரு பக்கம் வரலாம். மைக்ரோசாஃப்ட் எச்சரிக்கைச் செய்தியில் போன் நம்பர் போடுவதே கிடையாது. பிரவுசரை மூடுங்கள், மூடவில்லை என்றால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். அவர்கள் சொல்லும் ரிமோட் ஆப்பை மட்டும் நிறுவிவிடாதீர்கள். ஏற்கெனவே நிறுவி, பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அந்தப் பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.